சாதா கிட்டாரை ஹவாயன் கிட்டாராக மாற்றும் செட்: நட்டுக்காக வாங்கலாம், பார் தேறாது

வீட்டில் சும்மா கிடக்கும் ஆறு கம்பி கிட்டாரை மடியில் படுக்கப்போட்டு ஹவாயன் கிட்டாராக வாசிப்பதற்கென்று ஒரு சின்ன செட் ஆன்லைனில் விற்கிறார்கள். உள்ளே கம்பிகளைத் தூக்கிப் பிடிக்கும் ஒரு எக்ஸ்டென்ஷன் நட், கம்பிமேல் வைத்து நகர்த்தி வாசிக்க ஒரு ஸ்டீல் பார், கம்பியைத் தட்டக் கட்டைவிரலுக்கு ஒரு பிளாஸ்டிக் பிக், அடுத்த இரண்டு விரலுக்கு உலோகப் பிக், சுருதி சேர்க்கும் முறை அச்சடித்த ஒரு துண்டுத்தாள், அவ்வளவுதான். நான் வாங்கியபோது எழுநூறு ரூபாய் சொச்சம். கம்பெனி பெயரை எழுதவில்லை, ஏனென்றால் இதே உருப்படி நாலைந்து பெயரில் வருகிறது, டப்பாதான் வேறு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நட்டுக்காக வாங்கலாம், கொடுத்த காசு அதற்கே சரியாகப் போகும். பார் தேறாது. அந்தத் துண்டுத்தாளை நம்பிக் கம்பியை முறுக்கிவிடாதீர்கள். இதை எழுத உட்கார்ந்ததே அந்தத் தாளுக்காகத்தான்.

பாளையங்கோட்டை, நாசரேத், மெஞ்ஞானபுரம் பக்கமெல்லாம் பாடகர் குழு இல்லாத கிறிஸ்தவக் கோயில் இல்லை, அதனால் பீரோவுக்கு மேலே தூசி படிந்த கிட்டார் ஒன்று வீட்டுக்கு வீடு இருக்கும். அம்பது வயது தாண்டியவர்களுக்கு ஹவாயன் கிட்டாரின் சத்தமும் நன்றாகத் தெரியும். ரேடியோவில் சினிமாப் பாட்டை வார்த்தை இல்லாமல் இழுத்து இழுத்து வாசிப்பார்களே, அதுதான். ஆனால் முழுசாக ஹவாயன் கிட்டார் என்றே செய்த வாத்தியம் வேண்டுமென்றால் நம்மூர்க் கடைகளில் கிடைப்பது அபூர்வம், கொல்கத்தாவிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். அந்த ஊருக்கும் இந்த வாத்தியத்துக்கும் பழைய பந்தம். 1940களில் டௌ மோ என்ற ஹவாயன் கிட்டார் கலைஞர் குடும்பத்தோடு கல்கத்தாவில் தங்கி வாசித்தார், சொல்லியும் கொடுத்தார். அதற்குப் பிறகு வங்காளத்தில் இந்த வாத்தியம் நன்றாக வேர் பிடித்துவிட்டது. பிரிஜ் பூஷண் காப்ரா இதிலேயே ஹிந்துஸ்தானி ராகங்களை ஆலாபனையோடு வாசித்துக் காட்டினார், விஸ்வமோகன் பட் கம்பிகளைக் கூட்டி மோகன வீணை ஆக்கி 1994இல் கிராமி விருது வரை கொண்டுபோனார். கம்பிமேல் கட்டையை உருட்டி வாசிப்பது நமக்கும் புதுசு இல்லை. கோட்டுவாத்தியம் அதே வேலையைத்தான் செய்கிறது, அங்கே கருங்காலிக் கட்டை, இங்கே இரும்பு.

சரி, நட்டுக்கு வருகிறேன். கிட்டாரின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் நட்டின் மேலேயே கவிழ்த்துப் போடும் உலோகத் துண்டு இது. பசை வேண்டாம், ஆணி வேண்டாம், கம்பியின் இழுப்பே அதைப் பிடித்துக்கொள்ளும். கம்பிகள் பலகையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் போலத் தூக்கிக்கொள்கின்றன, அதனால் பாரை வைத்தால் பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கோடான ஃபிரெட்டில் இடிக்காது. வேண்டாமென்றால் கம்பியைத் தளர்த்தி உருவிவிட்டு மறுபடி சாதா கிட்டாராக வாசிக்கலாம். எனக்கு ரொம்பப் பிடித்தது இந்த விஷயம்தான். பையன் கார்டு (பல சுரம் சேர்த்து அடிப்பது) பழகுகிற கிட்டாரிலேயே அப்பா ஹவாயன் பழகலாம்.

குறை ஒன்று உண்டு. கம்பி உட்காரும் காடிகள் ஆறும் தட்டையாக வெட்டப்பட்டிருக்கின்றன, ஓரமும் கூர். கம்பி காடியின் முன்விளிம்பில் மட்டும் தொட்டு நிற்க வேண்டும், இதில் அடி முழுக்கப் படுத்துக்கொள்வதால் வெறுங்கம்பியைத் தட்டினால் மூன்றாவது கம்பி கிர்ரென்று சிதார் போல இரைந்தது. பாளையங்கோட்டையில் போர்டு எதுவும் வைக்காமல் வீட்டு முன்னறையில் ஹார்மோனியமும் கிட்டாரும் ரிப்பேர் பார்க்கும் ஒரு அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நட்டை வெளிச்சத்தில் பிடித்து, ஊசி அரத்தால் ஒவ்வொரு காடியையும் தலைப்பக்கம் சரிவாகத் தேய்த்தார், அப்புறம் வாட்டர் பேப்பரைக் கம்பிபோல் சுருட்டி உள்ளே விட்டு இழுத்து வழவழப்பாக்கினார். கடைசியில் பென்சில் முனையைக் காடிக்குள் நன்றாகத் தேய்த்து அந்தக் கரிப்பொடியை அங்கேயே விட்டுவிட்டார். சுருதி சேர்க்கும் பிருடையைத் திருகும்போது கம்பி சிக்கிச் சிக்கி டொக்கென்று குதிக்காமல் வழுக்கிக்கொண்டு போகும். இந்த வேலைக்குப் பிறகு நட்டைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை. அரம் பிடிக்கத் தெரிந்தவர்கள் வீட்டிலேயே செய்யலாம், தெரியாதவர்கள் ரிப்பேர்க்காரரிடம் கொடுங்கள், காடி ஆழமாகிப் போனால் நட்டே வீண்.

இப்போது அந்தத் துண்டுத்தாள். அதில் இருப்பது லோ ஏ என்று சொல்லும் ஏ மேஜர் சுருதி (ஏ, பி, சி எல்லாம் மேற்கத்திய சுரப் பெயர்கள்). ஆறாவது கம்பியிலிருந்து முதல் கம்பி வரை: ஈ, ஏ, ஈ, ஏ, சி ஷார்ப், ஈ. பழைய ஹவாயன் முறை, நல்ல முறை, தப்பே இல்லை. ஆனால் சாதா கிட்டாரின் வழக்கமான சுருதியிலிருந்து இதற்குப் போக, நாலாவது, மூன்றாவது, இரண்டாவது கம்பி மூன்றையும் ஒரு முழுச் சுரம் மேலே ஏற்ற வேண்டும். ஒரு முழுச் சுரம் ஏற்றினால் அந்தக் கம்பியின் இழுப்பு கால் பங்குக்கு மேல் கூடிவிடும். 12ஆம் நம்பர் கம்பி செட் (முதல் கம்பி 0.012 அங்குலத் தடிமன்) போட்ட கிட்டாரில் மொத்த இழுப்பே 70 கிலோவுக்கு மேல், அதோடு இதுவும் சேர்ந்தால் நம்மூர் வெயிலில் பத்து வருஷம் பீரோ மேல் காய்ந்த பிளைவுட் கிட்டார் எப்படித் தாங்கும்? அண்ணாச்சி கடையில் அப்படி வந்த ஒன்றைக் காட்டினார். கம்பிகளின் அடிமுனையைப் பலகையோடு பிடித்திருக்கும் பிரிட்ஜின் பின்பக்கம் ஒரு விசிட்டிங் கார்டை நுழைத்தால் பாதி உள்ளே போகிறது, பலகை லேசாகத் தொந்தி போட்டிருக்கிறது.

“தம்பி, இதை ஏ-க்கு முறுக்குனா பிரிட்ஜு கையோட வந்துரும். ஜி-யிலயே வச்சுக்கிடுங்க, எல்லாம் ஒண்ணுதான்” என்றார்.

“தாள்ல ஏ-ன்னுதான போட்டிருக்கு, அண்ணாச்சி?”

“அது மெலிசு கம்பி போட்ட கிட்டாருக்கு. உங்க கிட்டாருல கிடக்கது என்ன கம்பின்னு தாள் போட்டவனுக்குத் தெரியுமா?”

அவர் சொன்னதுதான் சரி. ஜி சுருதி என்றால் ஆறிலிருந்து ஒன்று வரை டி, ஜி, டி, ஜி, பி, டி. இதற்கு ஆறு, ஐந்து, ஒன்று ஆகிய மூன்று கம்பிகளைக் கீழே இறக்கினால் போதும், மற்ற மூன்றும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஏற்றுவது ஒன்றுகூட இல்லை, கிட்டாருக்கு ஆபத்தும் இல்லை. கம்பிகளுக்கு இடையிலான உறவு ஏ சுருதியில் உள்ளதேதான், மொத்தமும் ஒரு சுரம் கீழே வந்திருக்கிறது, அவ்வளவுதான். நம் பாடகர்கள் சுருதிக்குச் சொல்லும் கட்டைக் கணக்கில் இது ஐந்து கட்டை, கம்பிகள் வரிசையாக ப ஸ ப ஸ க ப. தம்புராவோடு பழகியவர்களுக்கு இது பார்த்ததுமே சொந்தமாகிவிடும். எங்கே பாரை வைத்தாலும் ஸ, ப, அந்தர காந்தாரம் மூன்றும் காலடியில் நிற்கின்றன. ஒரு கட்டையில் பாடுகிறவருக்கு வாசிக்க வேண்டுமா, ஐந்தாவது ஃபிரெட்டுக்கு நேரே பாரை வைத்தால் அங்கே சி, ஒரு கட்டை.

சுருதி சேர்க்கும்போது ஒரு விஷயத்தைக் கவனித்தே ஆக வேண்டும். கிளிப் டியூனரை மாட்டி ஆறு கம்பியிலும் பச்சை விளக்கு எரியும்வரை திருகினால் ஸவும் பவும் சரியாக இருக்கும், க மட்டும் கரிக்கும். ஏனென்றால் டியூனர் காட்டுவது பியானோ, கீபோர்டு கணக்கிலான சம இடைவெளி சுரம். அந்தக் கணக்கில் மேஜர் மூன்றாம் சுரம் தம்புராவின் கம்பிக்குள்ளேயே பேசுகிற காந்தாரத்தைவிட 14 சென்ட் மேலே நிற்கிறது. 100 சென்ட் சேர்ந்தால் அரைச் சுரம், அப்படியென்றால் இது சின்ன வித்தியாசம் இல்லை. சாதா கிட்டாரில் அடித்து ஓடும் கார்டில் அது காதில் விழாமல் போய்விடும், ஹவாயன் கிட்டாரில் பார் நீளமாக இழுத்து நிறுத்துகிற நாதத்தில் அது அப்படியே தெரியும். அதனால் இரண்டாவது கம்பியைக் காதால் சேருங்கள்.

அதற்கு எளிய வழி உண்டு. ஐந்தாவது கம்பியில் நாலாவது ஃபிரெட்டுக்கு மயிரிழை நட் பக்கமாக விரல் நுனியை அழுத்தாமல் தொட்டு, தட்டியதும் எடுத்துவிடுங்கள், மேலே மணி மாதிரி ஒரு நாதம் வரும். அந்தக் கம்பி 98 ஹெர்ட்ஸ், வருவது அதன் ஐந்து மடங்கான ஐந்தாவது ஹார்மோனிக், 490. இரண்டாவது கம்பியில் பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு நேரே அதேபோலத் தொட்டுத் தட்டுங்கள். டியூனர் கணக்கில் சேர்த்திருந்தால் அது 494க்குக் கிட்டே இருக்கும், இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது விநாடிக்கு நாலு தடவை வம் வம் என்று அலையடிப்பது தெளிவாகக் கேட்கும். இரண்டாவது கம்பியை மெல்ல இறக்கிக்கொண்டே வாருங்கள், அலை நிதானமாகும், இன்னும் நிதானமாகும், ஒரு இடத்தில் நின்றுவிடும். அதுதான் காந்தாரம். இதற்குப் பிறகு ஆறு கம்பியையும் ஒருமுறை வருடிப் பாருங்கள், மலிவுக் கிட்டார்கூட வேறு வாத்தியம் போலப் பேசும். தாளில் இதைப் பற்றி ஒரு வரி இருந்திருந்தால் இந்த செட்டுக்கு நான் இன்னொரு நட்சத்திரம் சேர்த்துக் கொடுத்திருப்பேன்.

அதே தாளில் கீழே சின்ன எழுத்தில் சி சிக்ஸ்த் என்று இன்னொரு முறையும் போட்டிருக்கிறார்கள்: சி, ஈ, ஜி, ஏ, சி, ஈ. ஹவாய்ப் பாட்டுகளின் அந்தக் குழைவான கார்டுகளுக்கு இது அருமையான சுருதி, ஜெர்ரி பேர்ட் போன்ற பெரிய கைகள் எல்லாம் அதில் வாசித்தவை. ஆனால் கிட்டாரில் ஏற்கெனவே கிடக்கும் கம்பியில் இது வராது. முதல் கம்பி 15, ஆறாவது 36 என்ற அளவில் தனி செட் போட வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டது பெரிய தப்பு. கீர்த்தனைக்கும் சினிமா மெட்டுக்கும் ஜி போதும்.

பாருக்கு வருவோம். செட்டில் வந்தது உள்ளே பொள்ளலான குழாய், மேலே குரோம் பூச்சு. கையில் எடுத்ததுமே தெரிந்துவிடும், கனமே இல்லை. ஹவாயன் கிட்டாரில் கம்பியை நாம் அழுத்துவதில்லை, பாரின் எடைதான் கம்பிமேல் உட்கார்ந்து நாதத்தைப் பிடித்து நிறுத்துகிறது. எடை போதாவிட்டால் மேல் கம்பிகள் தகரம் போல ஒலிக்கும், நாதம் இரண்டு விநாடியில் செத்துவிடும், சரி என்று கையால் அழுத்தினால் கம்பி வளைந்து சுருதி ஏறிவிடும். நான் பேட்டைப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் 19 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ராடில் 3 அங்குலம் வெட்டி, ஒரு முனையை உருட்டி, பஃபிங் போட்டு வாங்கினேன். 170 கிராம் இருக்கும், ஆறு கம்பிக்குச் சரியான எடை. பஃபிங்கில் கறாராக இருங்கள். லேத் கோடுகள் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் பாரை நகர்த்தும்போது தடித்த கம்பிகளில் உஸ்ஸென்று சத்தம் வரும், நகத்தை ஓட்டினால் எங்கும் தட்டக்கூடாது. இந்த வாத்தியத்தின் கதையே பட்டறையில்தான் தொடங்கியது. ஹவாயின் ஓஹு தீவில் லாயியே ஊரில் 1874இல் பிறந்த ஜோசப் கெகுகு, பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது சீப்பின் முதுகையும் கத்தியின் முதுகையும் கம்பியில் உருட்டிப் பார்த்துவிட்டு, பள்ளியின் பட்டறையிலேயே ஒரு இரும்புத் துண்டைக் கடைந்து கொண்டார் என்றுதான் சொல்கிறார்கள். 1904இல் அவர் அமெரிக்கப் பெருநிலத்துக்குப் போய் வாசிக்கத் தொடங்கினார், 1915 சான்பிரான்சிஸ்கோ பொருட்காட்சிக்குப் பிறகு அங்கே வீட்டுக்கு வீடு ஹவாயன் கிட்டார் மோகம் பிடித்தது. மின்சாரக் கிட்டாரில் முதன்முதலில் விற்பனைக்கு வந்ததும் மடியில் வைத்து வாசிக்கும் இந்த ரகம்தான், 1932இல் ரிக்கன்பேக்கர் அலுமினியத்தில் வார்த்துக் கொடுத்தது.

பிக்குகள் பரவாயில்லை. கட்டைவிரல் பிக் பெரிசு, வெந்நீரில் போட்டு வளைத்துக்கொண்டால் பொருந்திவிடும். உலோகப் பிக்கின் ஓரத்தை மட்டும் வாட்டர் பேப்பரில் ஒருமுறை தேய்த்துவிடுங்கள். சித்திரை வைகாசியில் விரல் வியர்த்து வழுக்கும், அதற்கு எந்தக் கம்பெனியும் பொறுப்பில்லை.

வாசிக்க எப்படி இருக்கிறது என்றால், கை இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து மடியில் ஒரு துண்டை விரித்து கிட்டாரைப் படுக்க வையுங்கள். பாரை ஃபிரெட் கம்பிக்கு நேர் மேலே வைக்க வேண்டும், சாதா கிட்டார் பழக்கத்தில் ஃபிரெட்டுக்குப் பின்னால் வைத்தால் சுருதி இறங்கித்தான் இருக்கும். கண் நேர் மேலே இருந்து பார்க்க வேண்டும், கம்பி உயரத்தில் இருப்பதால் பக்கவாட்டில் பார்த்தால் கோடு ஏமாற்றும். பாருக்குப் பின்னால் வருகிற மோதிர விரலும் சுண்டு விரலும் கம்பியில் லேசாகப் படுத்தே இருக்கட்டும், இல்லாவிட்டால் பாருக்கும் நட்டுக்கும் நடுவே உள்ள கம்பியும் சேர்ந்து முனகும்.

முதலில் பன்னிரண்டாவது ஃபிரெட்டில் மோகனம் பிடித்துப் பாருங்கள். மூன்றாவது கம்பியில் 12 ஸ, 14 ரி. இரண்டாவது கம்பியில் 12 க. முதல் கம்பியில் 12 ப, 14 த, 17 மேல் ஸ. ராகம் முழுதும் ஒரு சாண் இடத்துக்குள் அடங்கிவிட்டது. இரண்டாவது கம்பியில் 13ஐச் சேர்த்தால் சுத்த மத்யமம், முதல் கம்பியில் 16ஐச் சேர்த்தால் காகலி நிஷாதம், சங்கராபரணம் வந்துவிட்டது. 13க்குப் பதில் 14 வைத்தால் கல்யாணி. சுரம் விட்டுச் சுரம் வழுக்கும் ஜாருவும் அசைந்து நிற்கும் கம்பிதமும் பாருக்குப் பிறவிக் குணம், மெதுவாகப் போகும் கீர்த்தனைகளில், கோயிலில் பாடும் பழைய ஞானப் பாட்டுகளில், குரல் பாடுவது போலவே கேட்கும், அந்த இடத்தில் இதற்கு ஈடாக எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. ஆனால் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்தை இதில் எடுத்தால் திணறும். சொல் ஒவ்வொன்றும் குதித்துக் குதித்துப் போகிற நடை அது, பார் எல்லாவற்றையும் வழித்து ஒன்றாக்கிவிடுகிறது. ஒவ்வொரு சுரத்தையும் தட்டி உடனே உள்ளங்கையால் அடக்கி, பாரைத் தூக்கி வைத்துப் போகப் பழகினால்தான் துள்ளல் வரும். அதற்குப் பல மாதப் பழக்கம் வேண்டும், ஆனாலும் அந்தச் சிந்து மேல் உள்ள ஆசைக்கு அந்த உழைப்பு தகும்.

சத்தம் ஒரு அறைக்குப் போதும், கோயிலில் மைக் வேண்டும். சவுண்ட் ஹோலுக்கு நேரே வைக்காமல் பிரிட்ஜ் பக்கம் ஒரு சாண் தள்ளி மைக்கை வைத்தால் குமுறல் குறையும். ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் கம்பி துருப்பிடித்தால் பாரின் கீழே அது உடனே கரகரக்கும், வாசித்து முடித்ததும் பழைய பருத்தித் துணியால் கம்பிக்கு அடியிலும் சேர்த்துத் துடைத்துவிடுங்கள். திருச்செந்தூர், தூத்துக்குடிப் பக்கம் கடற்காற்றில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

வாங்குவதற்கு முன்னால் இரண்டு விஷயம் பாருங்கள். உங்கள் கிட்டாரில் நைலான் கம்பி என்றால் இந்த செட் உங்களுக்கு இல்லை, பார் இரும்புக் கம்பியில்தான் பாடும், நைலான் கிட்டாரில் இரும்புக் கம்பியை மாட்டினால் பிரிட்ஜ் பிய்ந்துவிடும். அப்புறம் கழுத்தின் அகலம். இந்த நட் 43 மில்லிமீட்டர் கழுத்துக்குச் சரியாக உட்காருகிறது, உங்கள் கிட்டாரில் நட்டின் அகலத்தை அளந்து பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள். சில இடங்களில் நட்டை மட்டும் தனியாகவும் விற்கிறார்கள், செட் விலையில் பாதிதான் வரும். பாரை லேத்தில் கடைந்துகொள்ள வசதி இருந்தால் அப்படியே வாங்குங்கள். செட் முழுசுக்கும் ஐந்துக்கு மூன்று, நட்டுக்கு மட்டும் என்றால் நாலு.